விடுமுறைக் காலமும் வறிய மாணவரும்

பாடசாலை மணி எதற்காக ஒலிக்கின்றது என்று வினவினால், பிள்ளைகளை வகுப்பிற்கு அழைப்பதற்காக என்று எவரும் விடை பகர்வர். அம்மணி ஒலியாதிருக்கும் நாட்களில் அப்பிள்ளைகளுக்கு என்ன நேருகின்றது என்பதைச் சிந்திப்போர் மிகச் சிலரே. நமது நாட்டுப் பாடசாலைகள் ஓராண்டை மூன்று தவணைகளாக வகுத்து, வழமையாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் விடுமுறை விடுகின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அவ்விடுமுறை ஓய்வாகவும் உல்லாசமாகவும் கழிகின்றது. வீட்டில் நூல்கள் இருக்கின்றன. உடனிருந்து படிப்பிக்கத் தாய் இருக்கின்றாள். கொழும்பிற்கோ கண்டிக்கோ பிரயாணம் செய்யப் பணம் இருக்கின்றது. வறிய வீட்டுப் பிள்ளைக்கோ, பாடசாலை வாயில் அடைபட்ட அன்றே நூல், ஆசிரியர், தோழர், மதிய உணவு ஆகிய நான்கும் ஒருங்கே அடைபட்டுப் போகின்றன.

இவ்வாறு அடைபடுவதனால் கல்விக்கு நேரும் இழப்பு எத்தன்மையது, அவ்விழப்பை ஊரார் ஒன்றுகூடி ஈடு செய்தல் இயலுமா என்னும் இரு வினாக்களுமே இன்றைய பேச்சின் பொருளாகும். கல்குடாப் பகுதியில் நெடுங்காலம் ஆசிரியத் தொழில் புரிந்துவரும் ஒருவன் என்ற முறையில், இப்பகுதியின் நிலையை முன்வைத்தே இவற்றிற்கு விடை காண முயல்கின்றேன்.

கல்குடா என்றதும் பிற ஊரார் பாசிக்குடாவின் ஆழமற்ற நீலக் கடலையும், கரையோரத்து விடுதிகளையும் நினைவு கூர்வர். ஆயின் கடற்கரையினின்றும் சிறிது தூரம் உள்ளே நடந்து பார்ப்போருக்குப் பிறிதொரு கல்குடா புலனாகும். வாழைச்சேனை, ஓட்டமாவடி, கிரான், வாகரை முதலிய ஊர்களைச் சூழ்ந்து கடலும், உப்பாறும், வயலும், காடும் விரவிக் கிடக்கின்றன. மீன்பிடி, நெற்செய்கை, கால்நடை வளர்ப்பு, கூலி வேலை என்பனவே பெரும்பாலோரின் சீவனோபாயம். 1956ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஒருகாலத்தில் பல குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் தந்தது. அதன் தளர்ச்சிக்குப் பின்னர் அன்றாடங் கூலியை நம்பி வாழ்வோர் தொகை பெருகிற்று.

இயற்கையும் மனிதரும் இப்பகுதியை அடுத்தடுத்துச் சோதித்துள்ளனர். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னைகளை முறித்துப் பாடசாலைக் கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோரக் கிராமங்களை வாரிச் சென்றது. நீண்ட யுத்தத்தின்போது, குறிப்பாக 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், வாகரைப் பகுதி மக்கள் வீடு வாசலைத் துறந்து முகாம்களில் தங்க நேர்ந்தது. அம்முகாம்களில் கல்வி தடைப்பட்ட சிறுவர் பலர் இன்று தாமே தாய் தந்தையராகி, தம் பிள்ளைகளை நம் பாடசாலைகளுக்கு அனுப்புகின்றனர். பிள்ளையின் கொப்பியைத் திறந்து பிழை திருத்தும் ஆற்றல் அவர்களிடம் இல்லையெனின், அஃது அவர்தம் குற்றமன்று. ஒரு தலைமுறையின் இழப்பு மறு தலைமுறைக்கு முதுசமாக இறங்குகின்றது.

இனி, ஆகஸ்ட் மாதத்தில் இப்பகுதி எவ்வாறு இருக்கும் என்று நோக்குவோம். அக்காலத்தில் கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். கரைவலை இழுக்க ஆட்கள் வேண்டும். சிறுபோக வயல்களில் அறுவடை வேலை தொடங்கும். கச்சான் காற்று வீசிக் கிணறுகளின் நீர்மட்டம் கீழிறங்கும். தண்ணீர் சுமக்கத் தூரம் போக வேண்டும். சித்தாண்டி முருகன் ஆலயத்து ஆவணித் திருவிழாவையொட்டிச் சிறு வியாபாரமும் நடைபெறும். எனவே உழைக்கும் கைகளுக்கான தேவை பெருகும் காலமும், பாடசாலை மூடப்படும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் கரைவலைக் கயிற்றைப் பிடிக்கின்றான். மாலையில் அவன் கையில் சிறிது பணமும் கறிக்கு மீனும் கிடைக்கின்றன. தாய் மத்திய கிழக்கு நாடொன்றிற்குப் பணிப்பெண்ணாகச் சென்றுள்ள வீட்டில், மூத்த பெண்பிள்ளையே தம்பி தங்கையருக்குத் தாயாகின்றாள். விடுமுறை முடிந்து மணி ஒலிக்கும்போது, இவ்விருவரும் வகுப்பிற்குத் திரும்புவார்கள் என்பது நிச்சயமன்று.

மூன்றாந் தவணையின் முதற் கிழமையில் இடாப்பை எடுத்துப் பெயர் கூப்பிடும் ஆசிரியருக்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். சில பெயர்களுக்கு விடை வராது. 'அவன் வாடிக்குப் போய்விட்டான்', 'அவள் தம்பியைப் பார்க்கின்றாள்' என்று பக்கத்து வாங்கிலிருந்து பதில் வரும். ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு விலகுவது ஒருநாளில் நிகழும் காரியமன்று. முதலில் வாசிப்பில் பின்தங்குகின்றது. பின்னர் வகுப்பில் வெட்கப்படுகின்றது. அதன்பின் வரவு குறைகின்றது. ஈற்றில் ஒரு நீண்ட விடுமுறை அதனை முற்றாக விழுங்கிவிடுகின்றது.

விடுமுறை கல்வியைக் குறைக்கின்றது என்பதைப் பிற நாட்டு அறிஞரும் அளந்து பார்த்துள்ளனர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 1982ஆம் ஆண்டு முதலாம் வகுப்பிற் சேர்ந்த ஏறத்தாழ 790 பிள்ளைகளைக் கார்ல் அலெக்சாண்டர், டொரிஸ் என்ட்விசில் முதலிய ஆய்வாளர் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தனர். ஆண்டிற்கு இருமுறை, கோடை விடுமுறைக்கு முன்னும் பின்னும், அப்பிள்ளைகளின் வாசிப்புத் திறன் சோதிக்கப்பட்டது. பாடசாலை நடைபெறும் மாதங்களில் வறிய பிள்ளைகளும் வசதியுள்ள பிள்ளைகளும் பெரும்பாலும் ஒரே வேகத்தில் முன்னேறினர். கோடை மாதங்களில் மட்டும் வசதியுள்ளோர் மேலும் சிறிது முன்னேற, வறியோர் நின்ற இடத்திலேயே நின்றனர். 2007ஆம் ஆண்டில் வெளியான அவர்களது கட்டுரை, ஒன்பதாம் வகுப்பில் இரு சாராருக்குமிடையே காணப்பட்ட ஏற்றத்தாழ்வில் மூன்றில் இரு பங்கு, ஆரம்ப வகுப்புக் கால விடுமுறைகளில் விளைந்ததே எனக் காட்டிற்று.

இதனை விளக்க அவ்வறிஞர்கள் நீர்க்குழாய் ஒன்றை உவமை கூறினர். கமக்காரராகிய நமக்கு வாகனேரிக் குளத்தின் மடையே அதனினும் எளிதாக விளங்கும். மடை திறந்திருக்கும்வரை மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் தண்ணீர் பாயும். மடை மூடப்பட்டதும், சொந்தக் கிணறும் இறைக்கும் இயந்திரமும் உடையவனின் பயிர் வாடுவதில்லை. வாய்க்கால் நீரையே நம்பியிருந்தவனின் பயிர் கருகுகின்றது. அதனாற் பின்னவனைச் சோம்பேறி என்று எவரும் ஏசுவதில்லை. பாடசாலை என்னும் மடை மூடப்படும்போது பின்தங்கும் பிள்ளையை மாத்திரம் 'மொக்கு' என்று ஏசுகின்றோம்.

இவ்விடத்தில் ஒன்று கூறுதல் வேண்டும். பால்டிமோர் ஆய்வின் முடிவுகளை எல்லா அறிஞரும் அப்படியே ஏற்றுக் கொண்டாரல்லர். பால் வொன் ஹிப்பெல் என்னும் ஆய்வாளர், புதிய சோதனை முறைகளைக் கொண்டு நோக்குமிடத்து ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி பிள்ளைகள் பாடசாலைக்கு வருமுன்னரே தோன்றிவிடுகின்றது என்று 2019ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். ஆயினும் அவரும் ஒரு கருத்தை வலியுறுத்துகின்றார். விடுமுறையில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் மெதுவாகவே கற்கின்றனர்; ஆகையால் பின்தங்கியவர் மற்றையோரை எட்டிப் பிடிப்பதற்கு அதனினும் வாய்ப்பான காலம் வேறில்லை. நோய் எப்பொழுது தோன்றிற்று என்பதில் வைத்தியர் மாறுபடலாம். மருந்து கொடுக்க உகந்த வேளை இதுவே என்பதில் அவர்கள் ஒருமைப்படுகின்றனர்.

வறிய பிள்ளைக்கு உதவுதல் இலங்கைக்குப் புதிதன்று. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின் பயனாக, 1945ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980ஆம் ஆண்டில் இலவசப் பாடநூல்கள் வந்தன. பின்னர் சீருடைத் துணியும் வந்தது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு உணவும் வழங்கப்படுகின்றது. 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கட்டாயக் கல்வியின் மேல்வயதை 16 ஆக உயர்த்தின. 2021ஆம் ஆண்டில் பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. இவை பெருமைப்படத்தக்கனவே. ஆயின் இவ்வுதவிகளுட் பெரும்பாலானவை பாடசாலை வாயிலுக்குள்ளேயே கிடைப்பன. வாயில் மூடியிருக்கும் நாட்களுக்கு ஊராரே பொறுப்பேற்றல் வேண்டும்.

ஊரார் பொறுப்பேற்ற வரலாறும் நம்மிடம் உண்டு. மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த விபுலாநந்த அடிகளார், இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைப் பேணி வளர்த்ததுடன், 1929ஆம் ஆண்டில் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தையும் நிறுவினார். வறிய பிள்ளை படிப்பதற்குக் கட்டணச் சலுகை மட்டும் போதாது. உண்ணச் சோறும், உறங்க இடமும், விளக்கொளியும், அன்பு காட்டும் மூத்தோரும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். சங்கத்தின் மாணவர் இல்லம் அவ்வறிவின் பயனாகும்.

விடுமுறையையே தொண்டிற்குரிய காலமாக்கிய சிறப்பு மற்றொருவருக்கு உரியது. 1958ஆம் ஆண்டில், கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் இளம் ஆசிரியராயிருந்த ஏ. டி. ஆரியரத்ன அவர்கள், தம் மாணவரையும் சக ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு கனத்தொலுவை என்னும் சிற்றூருக்கு விடுமுறை முகாமொன்றிற்காகச் சென்றார். சமூகத்தால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. நகரத்து மாணவர் அவ்வூராரோடு உண்டு, உறங்கி, அவர்களுடன் சேர்ந்து உழைத்தனர். பிற்காலத்தில் நாடெங்கும் பரவிய சர்வோதய சிரமதான இயக்கம் அம்முகாமிலிருந்தே முளைத்தது. கொடுப்போரும் பெறுவோரும் ஒரே பந்தியில் அமர்ந்தமையே அதன் வெற்றிக்குக் காரணமாகும்.

நம் பகுதிக்கு மிக அண்மித்த எடுத்துக்காட்டு, 1996ஆம் ஆண்டில் மட்டக்களப்பு நகரிலே தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவாகும். கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகன் அவர்களும், இயேசு சபைக் குருவாகிய போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதனைத் தோற்றுவித்தனர். யுத்தத்தினாற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் கிராமங்களின் சிறுவர்கள் பேருந்தில் அங்கு அழைத்து வரப்பட்டனர். வாரத்திற்கு ஒருநாள் வீதம் பல மாதங்கள் அவர்கள் வந்து, களிமண்ணைப் பிசைந்தனர், சித்திரம் தீட்டினர், கதை புனைந்து நடித்தனர், மரஞ்செடிகளோடும் வளர்ப்பு விலங்குகளோடும் பழகினர். பெரியோர் ஒருவரையொருவர் அஞ்சிய காலத்தில், அவர்தம் பிள்ளைகள் ஒரு மரநிழலில் அமர்ந்து ஒரு நாடகத்தை ஆக்கினர். அச்சமும் துயரமும் நிறைந்த உள்ளத்திற்கு எழுத்தும் எண்ணும் எளிதில் ஏறா. விளையாட்டும் கலையும் முதலில் அவ்வுள்ளத்தைத் திறந்து விடுகின்றன. விடுமுறை வகுப்பை நடத்துவோர் இதனை மறத்தலாகாது.

இனி, படிப்பிக்கும் முறையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவேன். நன்னோக்கம் மட்டும் வாசிப்பைக் கொண்டு வராது. 1995ஆம் ஆண்டளவில் மும்பையில் தோன்றிய பிரதம் என்னும் நிறுவனம், பிள்ளைகளை வயதின்படியும் வகுப்பின்படியும் பிரிப்பதை விடுத்து, அவர்கள் உண்மையில் எதை வாசிக்க வல்லவர்கள் என்பதன்படி பிரிக்கும் முறையைக் கையாண்டது. ஐந்தாம் வகுப்பிற் படிப்பவனுக்கு எழுத்துக்களே தெரியாவிடின், அவனை எழுத்துக் குழுவிலே சேர்த்துத் தொடங்குவர். 2008ஆம் ஆண்டுக் கோடையில் பீகார் மாநிலத்து அரசாங்க ஆசிரியர்கள் இம்முறையைப் பின்பற்றி ஒரு மாத முகாம்களை நடத்தினர். பொருளியலறிஞர் ஆராய்ந்தபோது, பிள்ளைகளின் திறன் உயர்ந்தமை கண்டனர். அதே மாநிலத்தில், பாடசாலை நடைபெறும் மாதங்களில் ஆசிரியருக்குப் பயிற்சியும் உபகரணமும் மட்டும் அளித்த இடங்களிலோ அத்தகைய பயன் விளையவில்லை. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டுமென்ற நெருக்கடி ஆசிரியரைப் பழைய பாதைக்கே இழுத்துச் சென்றது. விடுமுறையில் அந்நெருக்கடி இல்லை. பின்தங்கிய பிள்ளையோடு ஆறுதலாக இருந்து படிப்பிக்க ஆசிரியருக்கு விடுமுறையிலேயே சுதந்திரம் கிடைக்கின்றது.

இதற்கு மறுபுறமும் உண்டு. வடஇந்தியாவின் ஜவுன்பூர் மாவட்டத்தில் ஊர் இளைஞர் வாசிப்பு வகுப்புக்களை நடத்தினர். அவற்றிற்கு வந்து கற்ற பிள்ளைகள் வியக்கத்தக்க முன்னேற்றம் அடைந்தனர். ஆனால் அவ்வூர்களிலிருந்த பிள்ளைகளுள் வந்தோர் நூற்றுக்கு 8 பேர் மாத்திரமே. மிகுந்த தேவையுடையோர் வீட்டிலேயே தங்கிவிட்டனர். கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாற் போதாது. வீடு வீடாகச் சென்று கையைப் பிடித்து அழைத்து வரல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

தமிழ்நாட்டில் அப்பாடம் பயன்படுத்தப்பட்டது. கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் நெடுநாள் மூடப்பட்ட பின்னர், 2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டம் அங்கு தொடங்கிற்று. ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர், பெரும்பாலும் அவ்வவ்வூர்ப் பெண்கள், மாலை வேளைகளில் வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சிறு குழுக்களுக்குப் படிப்பித்தனர். மாதந்தோறும் 1000 ரூபாய் அவர்களுக்கு ஊக்கத்தொகையாக அளிக்கப்பட்டது. கிராமப் பிள்ளைகளை ஆராய்ந்த பொருளியலறிஞர், பாடசாலைகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் இழந்த கல்வியில் மூன்றில் இரு பங்கு மீட்கப்பட்டதென்றும், அம்மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புக்களால் விளைந்ததென்றும் கண்டனர். வகுப்பு பிள்ளையின் வீட்டு வாசலுக்கே வந்தமை இவ்வெற்றிக்கு ஒரு காரணமாகலாம்.

இவ்வனுபவங்களை நம் கிராமங்களுக்கு எவ்வாறு பொருத்தலாம்? பெரிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ வேண்டியதில்லை. ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு அல்லது மூன்று கிழமைகள், கிழமைக்கு ஐந்து நாட்கள், காலை ஏழரை மணி முதல் பத்து மணி வரை வகுப்பு நடத்தினாற் போதும். வெயில் ஏறுமுன் பிள்ளைகள் வீடு திரும்புவர். ஆலய மண்டபம், தேவாலயக் கூடம், பள்ளிவாசல் மத்ரசா, சனசமூக நிலையம், பாலர் பாடசாலை ஆகிய எதுவும் இதற்கு ஏற்றதே. பெரிய மரத்தடியும் ஏற்றதே.

முதல் நாளன்று ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அழைத்து, எழுத்து, சொல், சிறு பந்தி, சிறு கதை ஆகிய நான்கையும் வரிசையாக வாசிக்கச் செய்தல் வேண்டும். எங்கே நாக்குத் தடைப்படுகின்றதோ அங்கிருந்தே அப்பிள்ளைக்குப் பாடம் தொடங்கும். நாள்தோறும் கதையொன்றைப் பெரியவர் உரக்க வாசித்தல் வேண்டும். பின்னர் பிள்ளைகள் குழுவாகவும் தனித்தனியாகவும் வாசிப்பர். கணிதத்தைச் சந்தையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் எடுத்துக் கொள்ளலாம். மீனை நிறுத்து விலை கூறத் தெரிந்த பையன் தசமத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; அவன் நாவில் உள்ள கணக்கைத் தாளில் இறக்கக் காட்டிக் கொடுத்தாற் போதும். இறுதி அரைமணி நேரம் பாட்டுக்கும், கூத்துக்கும், சித்திரத்திற்கும் உரியது. மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துக்களின் தாளக்கட்டை அறிந்த அண்ணாவியார் ஊரில் இருப்பின், அவரை அழைப்பது பிள்ளைகளுக்கும் அவருக்கும் ஒருங்கே மகிழ்ச்சி தரும்.

படிப்பிப்போர் யாவர்? உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றிற்காகவும் பல்கலைக்கழக அனுமதிக்காகவும் மாதக்கணக்கிற் காத்திருக்கும் இளைஞரும் யுவதியரும் ஒவ்வோர் ஊரிலும் உளர். ஓய்வுபெற்ற ஆசிரியரும் உளர். அதிபரும் ஆரம்பக் கல்வி ஆசிரியர் ஒருவரும் மூன்று நாட்கள் அவர்களைப் பயிற்றினாற் போதிய தொடக்கம் கிடைக்கும். ஒருவருக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் ஒப்படைத்தலாகாது. எக்குழுவோடும் வளர்ந்தோர் இருவர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். அவர்களுள் ஒருவர் பெண்ணாயிருத்தல் நன்று. கடலும் உப்பாறும் அண்மையிலுள்ள ஊர்களாதலின், பிள்ளைகளை எண்ணிப் பொறுப்பேற்று, எண்ணியே பெற்றோரிடம் ஒப்படைக்கும் வழக்கம் இன்றியமையாதது.

உணவைப் பற்றியும் கூறுதல் அவசியம். காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு மெய்யெழுத்தும் உயிர்மெய்யெழுத்தும் ஒன்றே. மாதர் சங்கத்தார் முறைவைத்து இலைக்கஞ்சியோ, அவித்த பயறோ, மரவள்ளிக் கிழங்கோ ஆக்கி அளிக்கலாம். கமக்காரர் அறுவடையில் ஒரு மரைக்கால் நெல்லும், மீனவர் சங்கத்தார் ஒருநாள் வலையில் ஒரு பங்கும் ஒதுக்கினால் மூன்று கிழமைக்கும் குறைவிராது. மரண வீட்டிற்கு ஊரார் பங்கிட்டு உதவும் பழக்கம் நம் கிராமங்கள் யாவற்றிலும் உண்டு. இறந்தோருக்கு ஒன்றுகூடும் ஊர், வளர்வோருக்கு ஒன்றுகூடுதல் அரிதோ?

நூல்களும் வேண்டும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ரிச்சட் அலிங்டன் முதலிய ஆய்வாளர், வறிய பிள்ளைகளுக்கு மூன்று கோடை காலங்கள் தொடர்ந்து, ஒவ்வொரு கோடைக்கும் 12 நூல்களை அவர்களே விரும்பித் தெரிந்தெடுக்குமாறு அளித்தனர். நூல் பெற்றோரின் வாசிப்புத் திறன், பெறாதோரினும் உயர்ந்தமை 2010ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்விற் காணப்பட்டது. பிள்ளை தானே தெரிந்தெடுத்தமை இங்கு கவனிக்கத்தக்கது. பாடசாலை நூலகத்து நூல்களை விடுமுறையில் அலுமாரிக்குட் பூட்டி வைத்தால் கறையானுக்கே பயன். அவற்றை ஒரு பெட்டியிலிட்டு வகுப்பு நடைபெறும் இடத்திற்கு அனுப்பி, பிள்ளைகள் இரவல் பெற்றுச் செல்ல இடமளித்தல் வேண்டும். சில நூல்கள் கிழியலாம், சில தொலையலாம். வாசிக்கப்பட்டுக் கிழிந்த நூலைக் கண்டு எந்த அதிபரும் வருந்த வேண்டியதில்லை.

மூன்று எச்சரிக்கைகளை இங்கே சேர்த்தல் வேண்டும். முதலாவது, இவ்வகுப்பைப் புலமைப்பரிசில் பரீட்சைக்குரிய மேலதிக வகுப்பாக மாற்றலாகாது. அவ்வாறு மாற்றின், வல்ல பிள்ளைகள் முன்வரிசைக்கு வருவர். எவருக்காக வகுப்புத் தொடங்கப்பட்டதோ அவர்கள் மெல்ல விலகிச் செல்வர்.

இரண்டாவது, 'ஏழைப் பிள்ளைகளுக்கான வகுப்பு' என்று பெயர்ப்பலகை இடலாகாது. வறுமையினும் கொடிது வறியவன் என்று ஊரறியக் காட்டப்படுவது. கொப்பி பெறும் பிள்ளையை நிறுத்தி வைத்துப் படமெடுக்கும் வழக்கம் இந்நாட்களிற் பெருகியுள்ளது. அவ்வாறு படமெடுக்கப்பட்ட மறுநாள், வெட்கத்தினால் வகுப்பிற்கு வராது நின்ற பிள்ளைகளை நான் அறிவேன். உதவியை ஆசிரியர் மூலமாகவோ பெற்றோர் மூலமாகவோ ஓசையின்றி அளித்தலே மாண்பு. வகுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாயின், ஆசிரியரின் பிள்ளையும் கூலியாளின் பிள்ளையும் ஒரே பாயில் அமர்வர். தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் அடுத்தடுத்து அமைந்த இடங்களில், கிழமைக்கு ஒருநாளாயினும் இரு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட வழி செய்தல் மிகவும் விரும்பத்தக்கது.

மூன்றாவது, இவ்வகுப்பினால் ஆகாதது எது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். தந்தையின் கடனை அது தீர்க்காது. கடல் கடந்து சென்ற தாயைத் திருப்பிக் கொணராது. ஆயின் அக்கடனும் அப்பிரிவும் எந்த வீட்டில் எந்தப் பிள்ளையைப் பாடசாலையினின்றும் இழுத்துச் செல்லப் போகின்றன என்பதை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். இதுவே அதன் பெரும்பயன் என்று நான் கருதுகின்றேன். மூன்று கிழமை நாள்தோறும் பிள்ளையைக் காணும் இளைஞன், அவன் இரண்டு நாள் வராதபோது வீட்டிற்குச் சென்று விசாரிப்பான். ஒப்பந்தம் பேசப்படும் வேலையும், பேசப்படும் இளவயதுத் திருமணமும் அவன் காதில் விழும். அதிபருக்கும், கிராம உத்தியோகத்தருக்கும், கட்டாயக் கல்விக்கென அமைந்த வரவுக் குழுவிற்கும் அச்செய்தி தவணை தொடங்குமுன்னரே எட்டும். பிள்ளை விலகிய பின்னர்த் தேடிச் சென்று மீட்பது கடினம். விலகுமுன் தடுப்பது எளிது.

பிள்ளைகளுக்கு ஓய்வு வேண்டாமா என்று சிலர் வினவுவர். வேண்டும். நாளில் இரண்டரை மணி நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் அவர்களுடையதே. மரமேறுதலும், நீந்துதலும், பந்தடித்தலும் பிள்ளைமையின் உரிமைகள். வேறு சிலர், மகனின் நாட்கூலியின்றி உலை எரியாதே என்பர். அவர்களைப் பழித்தலாகாது. பத்து மணிக்கு வகுப்பு முடிவதால் வீட்டு வேலைக்கு இடையூறில்லை; பிள்ளையின் உணவுச் செலவிற் சிறிது குறைகின்றது; அவனுடைய வாசிப்பை ஒருநாள் தாமே அமர்ந்து கேட்குமாறு பெற்றோரை அழைத்தால், பலருடைய மனம் மாறும். மகன் ஒரு பந்தியைத் தடையின்றி வாசிப்பதைக் கேட்ட தகப்பனுக்கு, அவனை வலைக்கு அனுப்ப மனம் எளிதில் வராது.

நேயர்களே, தேர் இழுப்பது ஒருவரால் ஆகும் செயலன்று. ஆயினும் வடத்தை முதலிற் பிடிக்க ஒருவர் வேண்டும். அவர் அதிபராயிருக்கலாம், ஆலயத் தருமகர்த்தாவாயிருக்கலாம், பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் யுவதியாயிருக்கலாம். அடுத்த விடுமுறை தொடங்குமுன் உங்கள் ஊரில் எழுத்துத் தடுமாறும் பிள்ளைகள் பதினைந்து பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். அப்பதினைவரின் வீடுகளுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். பாய் விரிக்க இடமும், கஞ்சி காய்ச்சக் கையும் பின்னர் தாமே வந்து சேரும். விடுமுறை முடிந்து மணி ஒலிக்கும் காலையில், இடாப்பிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் வகுப்பிலிருந்து விடை வருமாயின், ஊரார் செய்த உதவி பயன்பெற்றதென்று கொள்ளலாம்.